சேறு கழித்த கிழங்கு

ஞாயிற்றுக்கிழமை பதுளைச் சந்தையில் கடைக்காரர் தராசில் கொட்டிய இரண்டு கிலோ உருளைக்கிழங்கில் சேறு கட்டிகட்டியாக அப்பியிருந்தது. வீட்டில் மூன்று பிள்ளைகள். ஒரு வாரத்துக்கு நான் வாங்குவது கிழங்கு, சேறு அல்ல.

"சேத்துக்குக் கால் கிலோ கழிச்சு நிறுங்க" என்றேன்.

"மழைக்காலம் தங்கச்சி. கெழங்கு மண்ணோடதான் வரும்."

"நேத்து எங்க தேயிலைத் தோட்டத்துல நான் கொழுந்து நிறுக்கிறப்பவும் மழைதாங்க. எலை ஈரம்னு ரெண்டு கிலோ, சாக்குக்குன்னு ஒரு கிலோ கழிச்சாரு கணக்கப்பிள்ளை. என் கொழுந்துல தண்ணிக்குக் கழிவு இருந்தா, ஒங்க கெழங்குல சேத்துக்கும் இருக்கு."

பின்னால் நின்ற பெண்கள் யாரும் பையை நீட்டவில்லை. என் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் முணுமுணுத்தபடி மூன்று கிழங்குகளை மேலே போட்டார்.

"இந்த வாயைத் தோட்டத்துல காட்டுறதுதானே?"

அவர் நக்கலாகத்தான் கேட்டார். ஆனால் பஸ்ஸில் வீடு வரும்வரை அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

திங்கட்கிழமை கொழுந்து நிறுக்கும் இடத்தில் என் முறை வந்தது. நிறுத்து முடித்த கொழுந்தைக் கொட்டிவிட்டு, வெறும் சாக்கைத் தராசுக் கொக்கியில் மாட்டினேன். முள் அரைக் கிலோவைத் தாண்டவில்லை.

"சாக்குக் கழிவை இப்ப கண்ணால பாத்து எழுதுங்க" என்றேன் கணக்கப்பிள்ளையிடம்.

எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் தங்கள் சாக்குகளை அவிழ்க்கத் தொடங்கினார்கள்.