கழிக்காமல் விட்ட இரண்டரை நாழிகை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மிளகாய்ப் பொட்டலத்தில் கிடைத்தது. அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை, சத்தியமாகத்தான் சொல்கிறேன். போன வருஷம், ஐம்பத்தெட்டு ஐப்பசியில், திருவொற்றியூரில் சண்முகவேல் அண்ணாச்சியின் பலசரக்குக் கடையில் கால் வீசை மிளகாய் வாங்கினேன். வீட்டில் வந்து பிரித்தால் பொட்டலக் காகிதத்தில் என் பெயர்! 'கடைக்காரர் மகள்: நகைச்சுவைச் சித்திரம், எழுதியவர் பக்தவச்சலம்.' ஆறு மாதத்துக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. எந்நேரமும் சிடுசிடுக்கும் ஒரு கடைப் பெண்ணைப் பற்றியது. அவளுக்கு நான் அதில் வைத்திருந்த பெயர் ராட்சசி.

பொட்டலம் கட்டித் தந்தவள் அந்தப் பெண்ணேதான். சிவந்தி, அண்ணாச்சியின் ஒரே மகள், வயது பதினைந்து. பழைய காகிதக் கட்டில் அந்தப் பக்கம் தானாக வந்து விழுந்ததா, அவள் தேடி எடுத்தாளா?

(தேடித்தான் எடுத்திருக்கிறாள். சணலில் மூன்று முடிச்சு போட்டிருந்தாள். மற்றவர்களுக்கு ஒரு முடிச்சுதான்.)

2

முதலில் கதையை இப்படி ஆரம்பித்தேன்: 'சிவந்தி பிறக்கும்போதே கோபக்காரியாகப் பிற

அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்பதுதான் கதையே.

ஜாதகம் பார்க்காத புண்ணியவான்களுக்கு ஒரு வார்த்தை. பிறந்த நட்சத்திரத்தை வைத்து மனிதர்களை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். தேவ கணம் என்றால் சாது. மனுஷ கணம் நம்மைப் போல நடுவாந்திரம். ராட்சச கணம் என்றால் முன்கோபி, அடங்காதவர். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கும்போது இது முக்கியம். எனக்கு மனுஷ கணம். 'சமயத்துக்குத் தக்கபடி நடப்பவர், வாய் பேசுவார், வம்புக்குப் போகார்' என்று என் ஜாதகத்தில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, அட, அப்படியே நான்தான் என்று உச்சி குளிர்ந்து போனேன். வேறு எதை எழுதியிருந்தாலும் அப்படித்தான் குளிர்ந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அது கிடக்கட்டும். அண்ணாச்சியிடம் வருவோம். இதில் பெரும்பாலானது அவர் கல்லாவுக்குப் பின்னால் நின்றபடி என்னிடம் சொன்னது. அவர் சொல்லாததை நான் எழுதும்போது சொல்லிவிடுகிறேன்.

3

நாற்பத்து மூன்றில், யுத்தம் நடந்துகொண்டிருந்த ஐப்பசியில், சண்முகவேல் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். உள்ளே மனைவி தங்கபுஷ்பத்துக்கு வலி. தெற்கத்திச் சீமையிலிருந்து கடை வைக்க வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. சொந்தம் என்று பக்கத்தில் ஒருவரும் கிடையாது. பிரசவம் பார்த்தவள் எதிர்ச் சந்தில் இருந்த மருத்துவச்சி கெங்கம்மா. தொழிற்சாலையில் இரண்டு மணிச் சங்கு ஊதியது. ஊதி அடங்குவதற்குள் குழந்தை அழுதது.

"பொண்ணு அண்ணாச்சி! சங்கு ஊதச்சொல்லோ பொறந்துச்சு, நேரத்தை மறந்துடாதே!" என்று கெங்கம்மா உள்ளிருந்தே கத்தினாள்.

சண்முகவேல் மறக்கவில்லை. பகல் இரண்டு மணி என்று ஜோசியரிடம் போய்ச் சொன்னார். ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். அன்று பூசம் பதினெட்டே முக்கால் நாழிகை வரை, அதற்குமேல் ஆயில்யம். இரண்டு மணி என்றால் சூரிய உதயத்திலிருந்து இருபது நாழிகை ஆகிவிட்டது. "ஆயில்யம். ராட்சச கணம்" என்று எழுதித் தந்தார்.

அதற்கப்புறம் வீட்டில் ஒரு பெரிய சௌகரியம் ஏற்பட்டுவிட்டது. குழந்தை பாலைத் தட்டிவிட்டால் கணம். பள்ளிக்கூடத்தில் எவளையாவது கடித்துவைத்தால் கணம். "அவ கணம் அப்படி, பின்ன எப்படி இருப்பா?" என்பாள் தங்கபுஷ்பம். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஏழு வயதில் ஒரு நாள் சிவந்தி இரும்பு அரைப்படியைத் தூக்கி ஒரு மேஸ்திரியின் நெற்றியில் எறிந்தாள். ரத்தம் கொட்டியது. அவர் கடைக்குத் தினமும் வருகிறவர், பெரிய மனிதர். அவருக்கென்றே கடையில் ஒரு முக்காலி உண்டு. சரக்கு அறையில் மூட்டையைப் பார்க்கிறேன் என்று போனவர் நெற்றியைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தார். சண்முகவேல் பதறிப்போய் மகளைத் தரதரவென்று இழுத்துவந்து அவர் காலில் விழவைத்தார். "ராட்சச கணம் மேஸ்திரி, மனசுல வச்சுக்கிடாதீங்க" என்றார். மேஸ்திரி பெருந்தன்மையாகச் சிரித்தார். மறுநாளும் வந்து முக்காலியில் உட்கார்ந்தார். சிவந்தி அன்றிலிருந்து சரக்கு அறைக்குள் போகவே மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அந்த அடமும் கணத்தின் கணக்கிலேயே சேர்ந்தது.

பத்து வயது வந்தபோது அவளே சொல்ல ஆரம்பித்துவிட்டாள். புதிதாக யார் வந்தாலும், "எங்கிட்ட வச்சுக்கிடாதீங்க, எனக்கு ராட்சச கணம்" என்பாள். பதினாலு வயதில் என்னிடமும் சொன்னாள். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து நகைச்சுவைச் சித்திரம் எழுதினேன்.

4

ராட்சச கணத்துப் பெண்ணுக்கு ராட்சச கணத்து மாப்பிள்ளைதான் பொருந்தும் என்றார்கள். வண்ணாரப்பேட்டையில் மொத்த வியாபாரம் செய்யும் உச்சிமாகாளி கிடைத்தான். முப்பத்திரண்டு வயது, இரண்டாம் தாரம். முதல் மனைவி காய்ச்சலில் போனவள். காய்ச்சல் என்றுதான் சொன்னார்கள். கடையாட்களைக் கை நீட்டி அடிக்கிறவன் என்பது தெருவுக்கே தெரியும். "சரிக்குச் சரி ஜோடி" என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள்.

(இங்கே ஒரு தவறு செய்கிறேன், தெரிந்தேதான் செய்கிறேன். உச்சிமாகாளியை நாலு வரியில் ராட்சசனாக்கிவிட்டேன். அவன் ஏன் அடிக்கிறான் என்று நான் கேட்கவில்லை. கதை எழுதுகிறவனும் கணம் பிரிக்கிறவன்தான், ஜோசியருக்குத் தட்சிணை உண்டு, எனக்கு அதுவும் கிடையாது. கேட்டிருக்க வேண்டுமா? வேண்டும். ஆனால் என்னால் முடியாது ஐயா, எனக்கு அவன்மேல் அவ்வளவு கோபம்.)

சிவந்தி மறுத்துச் சொல்லவில்லை. தாலிச் சரடுக்கு மஞ்சள் பூசிக்கொண்டிருந்த அம்மாவிடம், "எனக்கு வேற எவன் பொருந்துவான்?" என்று மட்டும் கேட்டாளாம். தை மாதம் கல்யாணம் நடந்தது. நானும் போய் வயிறாரச் சாப்பிட்டு வந்தேன்.

5

மாசிக் கடைசியில் கெங்கம்மா பெருங்காயம் வாங்கக் கடைக்கு வந்தாள். இரண்டு மணிச் சங்கு ஊதியது. அவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"இப்பவாவது ஒழுங்கா ஊதுது. யுத்தக் காலத்துல இத்தோட ரோதனை தாங்கலே அண்ணாச்சி. வெயிலு உச்சியில நின்னுகினு இருக்கும், இது ரெண்டுன்னு ஊதும். ஒரு அவரு முன்னாடியே தள்ளி வச்சுட்டாங்களே கடியாரத்தை, ஞாபகம் கீதா? உன் பொண்ணு பொறந்த அன்னிக்குக்கூட, சங்கு ஊதுது, நான் வாசல்ல வந்து பார்த்தா நிழலு கால்கிட்டயே கீது."

அண்ணாச்சியின் கையில் தராசு அப்படியே நின்றுவிட்டது.

ஞாபகம் இருந்தது. யுத்தத்துக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்த வருஷங்கள் அவை. பழைய மணி, புது மணி என்று ஜனங்கள் தடுமாறிய காலம். சங்கு புது மணிக்கு ஊதியது. பஞ்சாங்கமோ பழைய மணிக்கு. ஒரு மணி என்றால் இரண்டரை நாழிகை. அதை யாரும் கழிக்கவே இல்லை.

அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஜோசியர் வீட்டுக்கு ஓடினார். இப்போது வயதாகிவிட்ட ஜோசியர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணக்குப் போட்டார். இருபதில் இரண்டரை போனால் பதினேழரை. பூசம். தேவ கணம்.

"நீர் ரெண்டு மணின்னீர், எழுதினேன். எந்த ரெண்டு மணின்னு நான் கேக்கலை, நீரும் சொல்லலை" என்றார். வேறொரு தாளில் திருத்தி எழுதியும் கொடுத்தார்.

(அந்த மனிதரையும் வில்லனாக்கப் பார்த்தேன். பேனா ஓடவில்லை. கேட்காமல் விட்டவர்கள் வரிசையில் அவருக்கு முன்னால் நாங்கள் நிறைய பேர் நிற்கிறோம்.)

6

மறுநாள் பகலில் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சண்முகவேல் வண்ணாரப்பேட்டைக்கு பஸ் ஏறினார். மருமகன் கீழே கடையில் இருந்தான். அவர் மாடிக்குப் போனார். சிவந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். உதடு ஒரு பக்கம் வீங்கியிருந்தது.

"என்னம்மா இது?"

"கதவு இடிச்சிட்டு."

அவர் தாளை நீட்டினார். "நீ ராட்சச கணம் இல்லம்மா. கணக்கு தப்பிப் போச்சு. நீ பூசம், தேவ கணம்."

அவள் இரண்டு தரம் படித்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துத்தான் போயிருந்தார், பாவம்.

"கல்யாணத்துக்கு முந்தி தெரிஞ்சிருந்தா?"

"பொருந்தாதுன்னு விட்டிருப்போம்."

"ஒவ்வொரு அடிக்கும், நானும் ராட்சசிதான, சரிக்குச் சரிதானன்னு நெனச்சுக்கிட்டு வாங்குனேனேப்பா" என்றாள்.

அவர் தம்ளரைத் தரையில் வைத்தார்.

"அப்ப சின்னதுல இருந்து கோவப்பட்டது யாரு? அது நான் இல்லியா? கணமும் இல்லன்னா, அது யாரு கோவம்?" குரல் உயரவே இல்லை, அதுதான் என்னை என்னவோ செய்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்னார். "ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் இருந்துச்சுப்பா. ஒருத்தரும் கேக்கலை. கொஞ்ச நாள்ல நானும் என்னைக் கேட்டுக்கிடலை. ராட்சச கணம், அவ்வளவுதான்னு விட்டுட்டேன்."

பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாக சண்முகவேல் மகளைக் கேட்டார்.

"அன்னைக்கு அந்த மேஸ்திரிய ஏம்மா அடிச்ச?"

7

இந்த இடத்தில் நிறுத்த வேண்டியிருக்கிறது. அண்ணாச்சி இதுவரைதான் என்னிடம் சொன்னார். "கேட்டேன். சொன்னா" என்றார். பிறகு திரும்பிக்கொண்டு யாருக்கோ துவரம்பருப்பு நிறுத்தார். தட்டு ஒரு பக்கமாகத் தாழ்ந்தே கிடந்தது. அவருக்குத் தராசு முள் தெரியவில்லை.

எழுத்தாளனுக்குக் கை சும்மா இருக்குமா? அவள் சொன்ன பதிலை நானே எழுதிப் பார்த்தேன்.

அ) மேஸ்திரி கெங்கம்மாவைக் கேவலமாகப் பேசினார், குழந்தைக்குப் பொறுக்கவில்லை.

ஆ) மேஸ்திரி மூட்டையிலிருந்து சரக்கைத் திருடினார், குழந்தை பார்த்துவிட்டது.

இ)

மூன்றாவதை எழுதி, மை கொட்டி, எழுத்தே தெரியாதபடி அடித்துவிட்டேன். அடித்தது அடித்ததாகவே இருக்கட்டும். ஏழு வயதுப் பெண் சொல்ல முடியாமல் இரும்பால் சொன்னதை, நாற்பது வயது ஆம்பிளை நான் மசியால் அழகாகச் சொல்லிக் கைதட்டல் வாங்க வேண்டாம். இதையும் நான் ஒரு காலத்தில் நகைச்சுவை ஆக்கினேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

8

முடிவு என்று மூன்று எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அண்ணாச்சி மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறார். இன்னொன்றில் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "அனுசரிச்சுப் போம்மா" என்று சொல்லித் தனியாக பஸ் ஏறுகிறார். மூன்றாவதில் அவள் வர மறுக்கிறாள். தேவ கணத்துப் பெண் புருஷன் வீட்டை விட்டு வரமாட்டாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்

இல்லை. மூன்றும் வேண்டாம். தைரியசாலி அப்பா, கோழை அப்பா, பொறுமைசாலி மகள் என்று மறுபடியும் கணம் பிரிக்கிறேன்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை. மிளகாய் வாங்கப் போனேன். அண்ணாச்சி சவரம் செய்திருக்கவில்லை. மேஸ்திரியின் முக்காலி கடையில் இல்லை. எங்கே என்று நான் கேட்கவில்லை. வெளியே வரும்போது பார்த்தேன், பக்கத்துச் சந்தில் கோடாலியால் பிளந்த விறகுக் குவியலின் மேல் மூன்று கால்கள் கிடந்தன.

நான் கடையில் நின்றிருந்தபோது, பின்னால் வீட்டுக்குள் யாரோ பாத்திரத்தை நங்கென்று வைத்தார்கள். தங்கபுஷ்பமாக இருக்கலாம். அவளுக்கும் கோபப்பட இப்போது காரணம் இருக்கிறது. அண்ணாச்சி, "யாருக்கு, பக்தவச்சலத்துக்கா?" என்று என் பெயரைச் சற்று உரக்கச் சொல்லி மிளகாயை உள்ளே எடுத்துப் போனார். கட்டிய பொட்டலத்தோடு திரும்பி வந்தார். மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்து பொட்டலம் கட்டுவது தங்கபுஷ்பம். அவள் எல்லோருக்கும் ஒரே முடிச்சுதான் போடுவாள், எனக்கும்.

பொட்டலத்தைப் பார்க்காமல் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இதோ, மேஜைமேல் பையில்தான் இருக்கிறது. வீட்டில் மிளகாய் இல்லாமல் நேற்றிலிருந்து குழம்பு வைக்கவில்லை, பெண்டாட்டி திட்டுகிறாள். ஒரு முடிச்சாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. மூன்றாக இருந்தால் அதைவிடப் பயம். கடைக்குப் போய்ச் சிவந்தியின் முகத்தைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும்.

எனக்குத் தைரியம் வரவில்லை. பையைத் திறந்து நீங்கள் எண்ணிப் பாருங்கள்.