வேண்டாம் பெட்டி

கண்ணுகளா, "நாலு பேர் என்ன சொல்வார்களோ" என்று பயந்தே பாதி வாழ்க்கையை ஓட்டுகிறோமே, அந்த நாலு பேரும் யார் என்று எனக்குத் தெரியும். ஒருவன் பாடுவான், ஒருவன் கிடார், ஒருவன் டிரம்ஸ், ஒருவன் பேஸ். 'நாலு பேர்' என்பதுதான் அவர்களுடைய ராக் குழுவின் பெயர். ஒரு காலத்தில் அவர்கள் மேடை ஏறினால் அடுத்த தெரு ஜன்னல் கண்ணாடியெல்லாம் தாளம் போடும். இப்போது மேடை ஏறுவதற்கே கைப்பிடி தேவைப்படுகிறது.

பாடுகிறவனைத் தொண்டை என்பார்கள். கிடார்க்காரன் மின்னல், டிரம்ஸ்காரன் இடி. நாலாவது ஆள் ஊமை. பேசத் தெரியாதவன் இல்லை, பேசாதவன். பேஸ் கிடார் என்பது வீட்டு அஸ்திவாரம் மாதிரி. வீடு விரிசல் விடும்வரை யாரும் குனிந்து பார்க்க மாட்டார்கள். அதை வாசிக்கிறவனும் அப்படியே. அவன் வாயிலிருந்து அதிகம் வருகிற வார்த்தை ஒன்றே ஒன்று: "வேண்டாம்." காபி? வேண்டாம். ஸ்வெட்டர்? வேண்டாம். பல் வலிக்கு டாக்டர்? வேண்டவே வேண்டாம்.

அவன் மனைவி நர்ஸ். வார்டு வார்டாக ஆட்டி வைத்துவிட்டு ஓய்வு பெற்றவள். தெருவே அவளைச் சிஸ்டர் என்றுதான் கூப்பிடும். முப்பத்தாறு வருஷத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், அவளுக்குக் கடல் தாண்டி ஒரு ஆஸ்பத்திரியில் மூன்று வருஷ வேலை வந்தது. "போகட்டுமா?" என்று கேட்டாள். ஊமை சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உன் இஷ்டம்" என்றான். போய்விட்டாள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பியும் வந்துவிட்டாள். ஆனால் வீட்டில் எப்போது சண்டை வந்தாலும், அது குழாய் ஒழுகுவதைப் பற்றித் தொடங்கினாலும், முடிகிற இடம் இதுதான்:

"எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்ற வாய், அன்னைக்கு மட்டும் ஏங்க பூட்டிக்கிச்சு? ஒரு வார்த்தை 'போக வேண்டாம்'னு சொன்னீங்களா?"

ஊமை பதில் சொன்னதில்லை. அவன் பதில் வேறொரு இடத்தில் இருந்தது. அது பின்னால் வருகிறது.

பாட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. குழுவுக்கு வயதானதும் 'சிறந்த பாடல்கள்' என்று ஒரு இசைத்தட்டு போடுவார்கள். அடுத்து 'மிகச் சிறந்த பாடல்கள்'. அதுவும் முடிந்ததும் சிறக்காத பாடல்கள்தானே பாக்கி? அவற்றுக்கு 'அரிய பாடல்கள்' என்று பெயர். அரியது என்றால் யாரும் கேட்காதது. யாரும் ஏன் கேட்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

அதோடு பி-சைடு என்று ஒன்று. அந்தக் காலத்துச் சின்னத் தட்டில் முன்பக்கம் ஊரே பாடுகிற பாட்டு, அது மாப்பிள்ளை. திருப்பினால் பி-சைடு; அது மாப்பிள்ளைத் தோழன். போட்டோவில் பாதி தோள்தான் விழும். இப்போது அந்தத் தோழர்களை எல்லாம் கூட்டி வைத்து அவர்களுக்கே ஒரு ஊர்வலம் விடப்போகிறார்கள்.

இதற்காகக் கம்பெனி ஒரு தொகுப்புக்காரரை அனுப்பியது. மூக்குக் கண்ணாடி, முதுகுப் பை, 'நாலு பேர்' பற்றி அந்த நாலு பேருக்கே தெரியாத விஷயங்கள் எல்லாம் தெரிந்தவர். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்ததும் வராததுமாக, "நீங்க வேண்டாம்னு ஒதுக்கினதெல்லாம் எங்க?" என்று கேட்டார்.

கூடத்தை நடத்தியவர் டேப் அண்ணன். எழுபத்தைந்து வயது, சட்டைப்பையில் இன்னும் சிவப்புப் பென்சில். தேறிய டேப் பெட்டியில் பாட்டின் பெயரை எழுதி மேல்தட்டில் வைப்பார். தேறாத பெட்டியில் கொட்டை எழுத்தில் 'வேண்டாம்' என்று எழுதிக் கீழ்த்தட்டில் தள்ளுவார். குனிந்து தூசி தட்டினார்கள். பதினாலு பெட்டி. பதினாலிலும் அதே சிவப்பு எழுத்து.

"பதினாலு வேண்டாம்!" என்று தொகுப்புக்காரர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "இதைத்தான் சார் உலகமே வேணும்னு காத்துக்கிட்டிருக்கு."

பழைய டேப் ஈரம் குடித்திருக்குமாம். லேசாகச் சூடு காட்டினால்தான் பாடுமாம். இரண்டு நாள் அதைப் பதமாக வாட்டி எடுத்தார்கள். மூன்றாம் நாள் காலை நாலு பேரும் கூடினார்கள். மற்ற மூவரும் கிடைத்த சட்டையில் வந்தார்கள். ஊமை மட்டும் இஸ்திரி போட்ட சட்டை, சீவின தலை.

முதல் பெட்டி ஓடியது. நாலு நிமிஷம் டொய்ங், டொய்ங்.

"அபாரம்," என்றார் தொகுப்புக்காரர்.

"தம்பி, அது நான் சுருதி சேர்க்கிறது," என்றான் மின்னல்.

"கடைசிவரைக்கும் சேரவே இல்லையே சார். அதுதான் கலை."

இரண்டாவதில் இடி தும்முகிறான். மூன்றாவதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார் பாட்டை விடச் சுத்தமான தாளத்தில் ஓடுகிறது. நாலாவதில் தொண்டை பல்லவியைத் தொடுவதற்குள் இருமத் தொடங்கி, இருமி இருமி, டேப் தீரும்வரை இருமுகிறான்.

"இதுல ஒரு வேதனை இருக்கு சார்," என்றார் தொகுப்புக்காரர்.

"இருக்கும்ல?" என்றான் தொண்டை, கண் கலங்க. "அன்னைக்கே இதைப் போடச் சொன்னேன். எவன் கேட்டான்?"

கண்ணுகளா, தன் குப்பையைத் தங்கம் என்று ஒருவர் சொன்னால், இல்லை என்று சொல்ல இந்த உலகத்தில் எத்தனை பேருக்கு மனசு வரும்? மத்தியானத்துக்குள் பதின்மூன்று பெட்டியும் தேறிவிட்டன. ஒவ்வொரு பெட்டி திறக்கும்போதும் ஊமை நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவான். பிறகு கொஞ்சம் தளர்வான்.

பதினாலாவது பெட்டி. ஒற்றை பேஸ் கிடார். அதன்மேல் ஒரு கனத்த குரல், கூச்சத்தோடு, ஆனால் பிசகாமல். பெட்டியை மூடாதே, கதவைத் திறக்காதே, கப்பல் உனக்காகக் காத்திருந்தால் காத்திருக்கட்டும், வேண்டாம், போக வேண்டாம். அவ்வளவுதான் பாட்டு. முடிந்தபோது இடி மூக்கை உறிஞ்சினான். இந்த முறை தும்மல் இல்லை.

"யாருடா இது பாடறது?" என்றான் தொண்டை.

"நான்," என்றான் ஊமை.

"நீயா? உனக்குப் பாட வருமா?"

தொகுப்புக்காரர் மட்டும் முகத்தைச் சுளித்தார். "இது சேராது சார். ஒரு தப்புகூட இல்ல. கேக்கிறவங்க, இதையா ஒதுக்கினாங்கன்னு சந்தேகப்படுவாங்க. மத்த பதின்மூணு மேலயும் சந்தேகம் வந்துடும். இது வேண்டாம்."

ஊமையின் காது சிவந்தது. எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் தள்ளிவிட்டு, வாசல்வரை போய்விட்டான். அங்கே நின்றான். முப்பத்தாறு வருஷத்தில் அவன் கேட்காத கேள்வி அங்கேதான் வெளியே வந்தது.

"அண்ணே, அன்னைக்கு இதை இவங்களுக்குப் போட்டுக் காட்டினீங்களா, இல்லையா?"

டேப் அண்ணன் விழித்தார். "எதுக்குப் போட்டுக் காட்டணும்? நீதானேப்பா வேண்டாம்னு சொன்னே? இவனுங்க சாப்பிடப் போயிருந்தானுங்க. நீ ஒரு பாட்டு இருக்குன்னே. டேப்பை ஓட விட்டுட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து, 'பேர் என்னப்பா?'ன்னு கேட்டேன். 'வேண்டாம்'னே. சரி, பாடிப் பார்த்து அவனுக்கே பிடிக்கல போலன்னு எழுதிக் கீழே வச்சுட்டேன்."

"அது பாட்டோட பேரு அண்ணே."

மின்னல் சிரிக்க ஆரம்பித்து, ஊமையின் முகத்தைப் பார்த்து நிறுத்தினான்.

நடந்தது இதுதான். வாயால் சொல்ல வராததைப் பாட்டாகச் சொன்னால் தட்டில் வரும், கப்பல் கிளம்புவதற்குள் மனைவி கேட்பாள் என்று நினைத்தான். தட்டு வந்தது. பாட்டு இல்லை. மற்ற மூவரும் கேட்டுவிட்டு, பிடிக்காமல் ஒதுக்கிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டான். ஒரு வார்த்தை விசாரித்திருந்தால் தீர்ந்தது. ஆனால் விசாரிக்கிறவனுக்கு ஊமை என்று யார் பெயர் வைப்பார்கள்?

தொண்டை தொகுப்புக்காரர் பக்கம் திரும்பினான். "இந்தப் பாட்டு வருது."

"இடம் பத்தாது சார். இது வந்தா உங்க இருமல்ல பாதியை வெட்டணும்."

தொண்டை கொஞ்ச நேரம் யோசித்தான். என்ன இருந்தாலும் சொந்த இருமல். கடைசியில், "வெட்டிக்கோ," என்றான். அவன் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

ஊமை வீட்டுக்கு வந்து, "தட்டு வருது," என்று மட்டும் சொன்னான்.

"என்ன தட்டு?" என்றாள் சிஸ்டர், துணி மடித்துக்கொண்டே.

"பி-சைடு."

"பின் சைடா? முன் சைடே நான் முழுசா கேட்டதில்ல. தலைவலி."

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தான். குளிர்பதனப் பெட்டிதான் உர்ரென்றது. மூடிவிட்டான்.

பத்து நாள் கழித்துத் தொலைபேசி அடித்தது. ஊமை எடுக்கமாட்டான்; சிஸ்டர் எடுத்தாள். தட்டின் அட்டையை வடிவமைக்கிற பெண் பேசினாள்.

"மேடம், பாட்டு லிஸ்ட்ல பதினாலாவது வரியில சாரோட போன் நம்பர் போட்டிருக்கு. ஆனா பாட்டுப் பேருக்குப் பதிலா 'வேண்டாம்'னு எழுதியிருக்கு. அந்த வரியை எடுத்துடட்டுமா?"

சிஸ்டர் ரிசீவரை இறக்கினாள். "என்னங்க, பதினாலாவது பாட்டு யாருது?"

"என்னுது."

"உங்க பாட்டா!" அவள் புருவம் உயர்ந்தது. "எடுத்துடலாமான்னு கேக்கறாங்க. பேரு என்னன்னு சொல்லட்டும்?"

"வேண்டாம்," என்றான் ஊமை.

சொன்ன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. டேப் அண்ணன் பென்சிலோடு நின்றது, கீழ்த்தட்டு, கப்பல், எல்லாம் வரிசையாக வந்தது. அவள் ரிசீவரை மறுபடி காதுக்குக் கொண்டு போகிறாள்.

"இரு! வைக்காதே! அது பேரு!" என்று ஊமை கத்தினான். அந்த வீட்டில் அவன் கத்தி யாரும் கேட்டதில்லை. "பாட்டோட பேரே வேண்டாம்தான். நீ போக வேண்டாம்னு எழுதினேன். நீ ஆஸ்பத்திரி வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி. தட்டுல வந்துடும், நீ கேட்டுடுவேன்னு நினைச்சேன். வரல. போகாதேன்னு எனக்கு வாய்ல சொல்ல வரல, அதான்."

அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவனுக்கு மூச்சு வாங்கியது.

சிஸ்டர் மடித்து வைத்த துணியின்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "போக வேண்டாம்னு இப்ப சொல்றீங்களே," என்றாள் மெதுவாக. "நான் போய்ட்டுத் திரும்பி வந்தே முப்பத்துமூணு வருஷம் ஆச்சேய்யா."

"மேடம்? மேடம்?" என்றது தொலைபேசி. "அந்த வரி வேணுமா, வேண்டாமா?"

"வேணும்," என்றாள் சிஸ்டர், முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "வேணும்மா. வேணும்."

பெண் நன்றி சொல்லிவிட்டு, கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்தாள்.

தட்டு வந்தது. அட்டையில் கடைசி வரி: '14. வேணும்.' விமர்சகர்களுக்குக் கொண்டாட்டம். பாட்டில் பதினோரு முறை 'வேண்டாம்' வருகிறது, தலைப்போ 'வேணும்'. மனித மனத்தின் முரணை இதைவிட ஆழமாக யார் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒருவர் அரைப் பக்கம் எழுதினார். தொகுப்புக்காரர் அந்த யோசனை தன்னுடையதுதான் என்று பேட்டி கொடுத்தார்.

சிஸ்டர் தட்டை வைத்து, முள்ளை நேராகப் பதினாலாவது பாட்டில் இறக்கினாள். முடிந்ததும் மறுபடி அதே இடத்தில் இறக்கினாள். மற்ற பதின்மூன்றையும் இந்த நாள்வரை கேட்கவில்லை. மூன்றாம் முறை ஓடும்போது தொண்டை தொலைபேசியில் கூப்பிட்டான்.

"சிஸ்டர், நாலாவதுல என் இருமல் எப்படி?"

"தம்பி, அதை எல்லாரும் வேதனைங்கறாங்க. எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துடுங்க."

"சரி, அவன்கிட்ட குடுங்க." ஊமை ரிசீவரை வாங்கினான். தானாக நீட்டிய கை; அவளுக்கே ஆச்சரியம். "டேய், அட்டையில பேர் தப்பா விழுந்திருக்கு. திருத்தச் சொல்லட்டுமா?"

ஊமை அட்டையைப் பார்த்தான். பாட்டைக் கேட்டபடி கண்ணை மூடி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தான்.

"வேண்டாம்," என்றான்.

"டேய்," என்றான் தொண்டை, பயந்துபோய். "இது பேரா, பதிலா?"