ஒன்றரைக் கிலோ மாவு

மொந்தேவிதேயோ துறைமுகத்துக்குப் பின்னால், ஒரு தொழிற்சங்கக் கட்டடத்தின் மாடியில் எங்கள் கணினிப் பள்ளி. நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு முதல் பாடங்களை நான்தான் எழுதுகிறேன். அச்சுக்குப் போகுமுன் ஒரு சோதனை உண்டு. கணினி தெரியாத ஒருவர் பாடத்தை மட்டும் படித்துச் செய்துமுடிக்க வேண்டும். எழுதியவர் பின்னால் உட்காரலாம், வாய் திறக்கக் கூடாது. திறந்தால் பாடம் தோல்வி. இம்முறை தோற்றால் என்னை வேலையிலிருந்து அனுப்பிவிட்டு வெளிநாட்டு வீடியோக்களை வாங்குவதாக இயக்குநர் எல்பியோ அன்போடு சொல்லியிருந்தார். வாய் திறக்காமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாக வரும் வேலை. கவலைப்படவில்லை.

சோதனைக்கு வந்தவள் எல்பியோவின் அண்ணி நெலிதா. பாடம், மழைநாளில் தோர்த்தா ஃப்ரீத்தா என்னும் எண்ணெய் ரொட்டி பொரிக்க எவ்வளவு மாவு என்று கணினியைக் கணக்கிட வைப்பது. ஒன்றரைக் கிலோ மாவு, விருந்தாளி வந்தால் இரட்டிப்பு.

நெலிதா விசையைத் தட்ட ஆரம்பித்த பிறகு எல்பியோ குடுவையிலிருந்து மாத்தே என்ற இலைப் பானத்தை உறிஞ்சியபடி என் காதருகே குனிந்தார்.

"மாரிசா, நீ 1.5னு புள்ளி வச்சிருந்தியே, எல்லாத்தையும் கமாவா மாத்திட்டேன். நம்மூர்ல ஒன்றரைன்னா 1,5ன்னுதானே எழுதுவாங்க, யாரும்மா புள்ளி வைக்கிறா? பாடம் ஜனங்களுக்கு நெருக்கமா இருக்கணும்ல."

நெருக்கமாகத்தான் இருந்தது, கணினியைத் தவிர எல்லோருக்கும். அதற்குக் காற்புள்ளி என்றால் இரண்டு தனி எண்கள். இரட்டிப்பாக்கச் சொன்னால் அந்த ஜோடியை இன்னொரு முறை எழுதிவைக்கும். திட்டாது, எச்சரிக்காது.

திரையில் வந்தது: (1, 5, 1, 5).

"ஏதோ வந்துடுச்சு பாருங்க. முடிஞ்சது, பாடம் வெற்றி" என்றார் எல்பியோ.

நான் பேசாமல் இருந்தால் வேலை நிலைத்துவிடும். பேசாமல் இருந்தேன். நெலிதா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு கிலோ வரணுமே. மாவுக் கணக்குகூட மறந்துபோச்சா எனக்கு? இதெல்லாம் எனக்கு ஏறாதுன்னு அப்பவே தெரியும், எல்பியோ. நான் வரேன்."

அவள் கைப்பையை எடுத்துவிட்டாள்.

"நீங்க சரியாத்தான் செஞ்சீங்க. கமாவை எடுத்துட்டுப் புள்ளி வைங்க" என்றேன்.

வைத்தாள். 3.0 வந்தது.

"எழுதினவங்க பேசிட்டாங்க. விதின்னா விதிதான்" என்றார் எல்பியோ. குரலில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும்.

நெலிதா நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினாள். "அதிருக்கட்டும். கமாவை வச்ச அறிவாளி யாரு?"

எல்பியோ காலியான மாத்தே குடுவையை உறிஞ்சிக்கொண்டே இருந்தார். நீண்ட அமைதிகள் எனக்குப் பழக்கம்தான். ஆனால் இவ்வளவு ருசியான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

வீடியோக்கள் வந்துவிட்டன. அவற்றில் பேசும் மனிதர் 'ரொம்ப எளிது' என்று சொல்லிவிட்டு ஒரு படியைத் தாண்டிவிடுகிறாராம். யாரும் சந்தேகம் கேட்பதில்லை என்று எல்பியோ பெருமைப்படுகிறார். மழை பெய்தால் நெலிதா சூடான தட்டோடு என் சமையலறைக்கு வந்து, இரண்டாம் பாடம் எங்கே என்று கேட்கிறாள்.