யார் கடிகாரத்தில் மூன்று மணி

அன்று காலை ஏழு மணிக்கு, எனக்காக நேரத்துக்கு முன்பே திறந்த அந்த டிக்கெட் அலுவலகத்தில் இருந்தவர்கள்: டிக்கெட் போடும் அம்மா, அவர் கணவர், இரவு வேலை முடிந்து கிடங்கு யூனிஃபார்மோடு நேராக வந்த நான். ஸ்பீக்கரில் போட்டிருந்த போனில் அக்கா.

அக்கா இருந்த ஊர் ஏழாயிரத்து நானூறு கிலோமீட்டர் தள்ளி. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவளுக்கு இதய ஆபரேஷன். அங்கே அவளுக்கென்று யாரும் இல்லை. "உள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடி உன் மூஞ்சியப் பாத்துடணும்டா" என்று கேட்டிருந்தாள். எதையும் இரண்டாவது முறை கேட்கிறவள் இல்லை அவள்.

விசா, பாஸ்போர்ட் எல்லாம் கையில் இருந்தது. தூரம், பறக்கும் நேரம் இரண்டையும் இணையத்தில் நானே பார்த்து வைத்திருந்தேன்.

"சாயங்காலம் ஆறு மணி ஃபிளைட் போடுங்கம்மா. நேராப் போகுது, ஒன்பது மணி நேரம். விடிகாலை மூணுக்கு இறங்கிடுவேன்."

அந்த அம்மா கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "யார் கடிகாரத்துல மூணு?"

நான் என் வாட்சைக் காட்டினேன்.

"அங்க அஞ்சு மணி நேரம் முன்னாடி ஓடுது தம்பி. நீ இறங்கறப்ப மணி எட்டு. வரிசையில நின்னு வெளிய வந்து ஆஸ்பத்திரிக்குப் போக பத்தாயிடும்."

நேர வித்தியாசம் எனக்குத் தெரியாததல்ல. ஆனால் ஐந்து வருடமாக இரவில் விழித்துப் பகலில் தூங்குகிறவனுக்கு மணி என்றால் ஷிஃப்ட் தொடங்குவதும் முடிவதும்தான். ஒன்பது மணி நேரத்தை ஒரு ஷிஃப்டைப் போலக் கூட்டிவிட்டேன்.

அக்கா சிரித்தாள். "காலேஜப் பாதியில விட்டவன் கணக்கு. கோட்டை விடாம இருந்தாத்தான் அதிசயம்." சிரித்து முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. அம்மா மறுபடி கீபோர்டைத் தட்டினார்.

"இப்ப காலையிலயே பத்தரைக்கு ஒண்ணு இருக்கு" என்றார் அம்மா. "நடுவுல இறங்கி மாறணும். மொத்தம் பன்னெண்டு மணி நேரம்."

"மூணு மணி நேரம் கூடவா?"

"கூடத்தான். ஆனா அவங்க கடிகாரத்துல மூணரைக்கு இறங்கிடுவே. போடவா?"

"போடுங்கம்மா" என்றாள் அக்கா, எனக்கு முந்தி. "டேய், நான் தூங்க மாட்டேன். வா."

"மாத்துத் துணிகூட இல்லையே" என்றேன்.

"கல்யாணத்துக்கா போறே?" அந்த அம்மாவின் கணவர் நாற்காலியில் கிடந்த தன் ஸ்வெட்டரை என் மேல் எறிந்தார். "கை நீளமா இருக்கும். மடிச்சு விட்டுக்கோ. ஏர்போர்ட்டுக்கு நான் கொண்டுபோய் விடறேன்." அவர் போய் காரைக் கிளப்பினார்.

நான் கேட்ட டிக்கெட்டையே அந்த அம்மா போட்டுக் கொடுத்திருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க முடியாது. டைப் அடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். என் வாழ்க்கையில் எனக்கு இவ்வளவு பெரிய உதவி செய்தவர்கள் அதிகம் இல்லை.

வாசலில் திரும்பி நின்றேன். "அம்மா, நீங்க மட்டும் இல்லன்னா..."

"நின்னு கதை பேசு. ஃபிளைட் உனக்காகக் காத்துட்டிருக்கும்." தோளைப் பிடித்து என்னை வெளியே தள்ளினார். என் முதுகுக்குப் பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டில் சாவி திரும்பியது.