முகாம் வாசலில் இறங்காமல்

பனிக்குடம் உடைந்து என்னை வேனில் ஏற்றிய அன்றுகூட, என் கணவர் நந்தகுமார் அந்த இரண்டு தூண்களுக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டார். மாயாபந்தர் ஆஸ்பத்திரிக்கு இன்னும் பாதித் தூரம் இருந்தது. மழை வேறு.

யுத்தகாலத்தில் ஜப்பான்காரர்கள் பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுத்த முகாமின் வாசல் அது. உள்ளே இப்போது பாக்குமரங்களும் அவற்றின் ஊடே போகும் இந்த ரோடும்தான். தூண்களுக்கு மட்டும் குங்குமம், செம்பருத்தி, ராஜ மரியாதை. என் புகுந்த வீட்டில் யாரும் வண்டியில் உட்கார்ந்தபடி அவற்றைத் தாண்டமாட்டார்கள். இறங்கி, தலைகுனிந்து நடப்பார்கள். தூத்துக்குடியிலிருந்து இந்தத் தீவுக்கு வாக்கப்பட்டு வந்த புதிதில் எந்தச் சாமி என்று கேட்டேன். "காவல் சாமி" என்றார் நந்தகுமார். அதற்குமேல் அவருக்கும் தெரியவில்லை. சரி, குடும்ப வழக்கம், நமக்கென்ன என்று நானும் இறங்கி நடந்தேன்.

ஆனால் அன்றைக்கு இடுப்பே கழன்றுவிடும்போல் இருந்தது.

"மெல்ல நடந்துரலாம் ஷோபனா. நாலு எட்டுதான், நான் புடிச்சுக்கறேன்."

வலியைவிட அந்தக் கெஞ்சல்தான் எனக்கு ஆத்திரமூட்டியது. இறங்காவிட்டால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். இறங்கினால் ஆகிவிடும் என்று எனக்கு.

என் தலையை மடியில் வைத்திருந்த அத்தை பங்கஜம் வாய் திறந்தார். "அரே, எறங்க வேணாம். சலோ, வண்டிய எடு நந்து."

"அம்மா, சாமி..."

"சாமியும் இல்ல, பூதமும் இல்ல. அங்க காவலுக்கு ஜப்பான் சென்ட்ரி நின்னான். எங்க தாத்தா சைக்கிள விட்டு எறங்கலன்னு அறைஞ்சான். ஒரு காது போச்சு. அவனுங்க கப்பலேறிப் போனப்புறமும் தாத்தா எறங்குனாரு. அவரப் பாத்து அப்பா, அப்பாவப் பாத்து நான். தூணுக்குப் பொட்டு வெச்சு காவல் சாமின்னு சொன்னதும் நான்தான்."

"எதுக்கும்மா?"

"அடிக்குப் பயந்து எறங்குறோம்னு பெத்த புள்ளகிட்ட எப்படிடா சொல்றது?"

நந்தகுமார் தூண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு கியரைப் போட்டார்.

வேன் தூண்களுக்கு நடுவே நுழைந்தபோது அண்ணாந்து அத்தையைப் பார்த்தேன். கண்களை இறுக மூடியிருந்தார். யாரோ ஓங்கிய கையைத் தடுப்பதுபோல், தன் உள்ளங்கையை என் வயிற்றின்மேல் விரித்துப் பிடித்திருந்தார்.