கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சம்பந்தி

முப்பத்தொரு வருடம் பஸ் டெப்போவில் வண்டிப் பரிசோதகராக இருந்தவன் நான். என் கையெழுத்து இல்லாமல் ஒரு பஸ் கேட்டைத் தாண்டாது. பிரேக் சரியாக இருந்தால் ஹாரனைப் பார்ப்பேன், ஹாரனும் சரியாக இருந்துவிட்டால் சீட்டுக்கு அடியில் குனிவேன். மெக்கானிக்குகள் எனக்கு வைத்த பட்டப்பெயர் நொட்டை. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் தகரக் கூரை, எல்லாம் காதில் விழும்.

இந்த நொட்டை வாயால்தான் சம்பந்தியோடு பேச்சு நின்றது. அவர் தையல் கடைக்காரர். மகள் கல்யாணத்துக்கு எனக்கென்று அவரே உட்கார்ந்து ஒரு கோட்டு தைத்துக் கொடுத்தார். மேடையில் நாலு பேர் முன்னால், அக்குள் பக்கம் பிடிக்கிறது என்று சொல்லிவிட்டேன். பிடித்தது, சொன்னேன், வேறென்ன செய்ய? அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டவர் ஒன்றரை வருடமாக அப்படியேதான் இருக்கிறார். நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை, இறங்கிப் போகவில்லை.

எங்கள் இருவரையும்தான் மாப்பிள்ளை ஒரே அறையில் போட்டார்.

மாப்பிள்ளைக்குக் கட்டடங்களுக்கு உள் அலங்காரம் செய்யும் வேலை. நகரத்தின் நட்டநடுவில் ஒரு பழைய மாளிகையை, நாற்பதே அறைகள் கொண்ட சொகுசு ஹோட்டலாக மாற்றிக்கொண்டிருந்தார். திறப்பதற்கு முன்னால் வேண்டியவர்களை ஒரு நாள் தங்கவைத்து அபிப்பிராயம் எழுதி வாங்குவார்களாம். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த ஹோட்டலையும் இவரிடம் கொடுப்பதா என்று முதலாளி முடிவு செய்வாராம். மகள் போனில் கெஞ்சினாள். "அப்பா, அவரு பொழப்பே இதுலதான் இருக்கு. தயவுசெஞ்சு நொட்டை சொல்லாதீங்க." அவளுக்கு எட்டாவது மாதம். துணைக்கு என் மனைவியும் சம்பந்தியம்மாவும் அவள் வீட்டிலேயே இருந்தார்கள். மிச்சம் நாங்கள் இருவர். என்ன ஆனாலும் வாயைத் திறப்பதில்லை என்ற முடிவோடுதான் பெட்டியைத் தூக்கினேன்.

சோதனை வாசலிலேயே தொடங்கியது. வரவேற்பில் மேஜை கிடையாது, ஒரு பெண் சோபாவில் நம் பக்கத்திலேயே உட்கார்ந்து பெயர் எழுதிக்கொள்கிறாள். பதினேழாம் எண் அறையில் ஒரு சுவிட்சைக்கூடக் காணோம். விளக்கின் தலையைத் தடவினால் எரியும், இன்னொரு தரம் தடவினால் மங்கும். கட்டிலில் பதினொரு தலையணை. எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டேன். குளியலறையைப் பார்த்தபோதுதான் மூச்சு நின்றது.

கட்டிலுக்கும் குளியலறைக்கும் நடுவில் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ஷவர், கம்மோடு எல்லாம் நகைக்கடை ஷோகேஸில் வைத்த மாதிரி பளிச்சென்று தெரிந்தன. சம்பந்தி படுக்கை விரிப்பை உருவினார், கண்ணாடியின் மேல் பிடித்துப் பார்த்தார், ஜாண் ஜாணாக அளந்தார். மாட்டுவதற்கு ஓர் ஆணி இல்லை. திரும்ப மடித்து வைத்தார். மடிப்பில் ஒரு சுருக்கம் இல்லை, அதையும் கவனித்தேன்.

பிறகு அவர் போனை எடுத்தார். என்னோடுதான் பேசமாட்டாரே, தன் மனைவியைக் கூப்பிட்டார். "அவரு மொதல்ல குளிக்கிறதா இருந்தா குளிக்கட்டும், நான் வெளிய நிக்கிறேன்னு சொல்லச் சொல்லு." ஐந்தடி தூரத்தில் நான் நிற்கிறேன். அங்கே சம்பந்தியம்மா அதை என் மனைவியிடம் சொல்ல, இவள் எனக்குப் போன் செய்து ஒப்பித்தாள். வயதில் பெரியவர், அவரே முதலில் போகட்டும் என்றேன். அந்தப் பதிலும் அதே சுற்று சுற்றிவந்து அவர் காதில் விழுந்தது. பெண்கள் இருவரும் ஒரே சோபாவில் உட்கார்ந்து சிரிப்பது இங்கே வரை கேட்டது.

நான் வராந்தாவுக்குப் போனேன். சீருடைப் பெண் ஒருத்தி வந்து ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். காற்று வாங்குகிறேன் என்றேன். ஜன்னலே இல்லாத வராந்தா அது. மூன்றாம் முறை வந்தபோது அவள் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டுப் போனாள். சம்பந்தி குளித்து முடித்து உள்ளிருந்து கதவை இரண்டு தட்டுத் தட்டினார். அது நான் வரலாம் என்பதற்கு அடையாளம்.

என் முறை வந்தபோது மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குழாயைத் திருப்பினேன். கொதிக்கிற தண்ணீர் முதுகில் கொட்டியது. நான் போட்ட கூச்சல் வராந்தா வரை போயிருக்க வேண்டும். கதவுக்கு வெளியிலிருந்து குரல் வந்தது. "இடது பக்கம் திருப்புங்க. வலது பக்கம் சுடும்." ஒன்றரை வருடத்தில் சம்பந்தி என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. சரி என்று நானும் கத்தினேன்.

காலையில் படிவம் வந்தது. வெந்த முதுகு எழுது எழுது என்றது, மகள் முகம் வேண்டாம் வேண்டாம் என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினேன்: 'கண்ணாடிச் சுவர் பிரமாதம். எல்லா அறைகளிலும் இப்படியே இருக்க வேண்டும்.' வாழ்க்கையில் நான் போட்ட முதல் பொய்க் கையெழுத்து. சம்பந்தி எட்டிப் பார்த்துவிட்டுத் தன் தாளில், 'சம்பந்தி சொன்னதே என் கருத்தும்' என்று எழுதினார். ஒரு நல்ல காரியம் செய்த பெருமையில் எனக்கு வயிறே குளிர்ந்துவிட்டது.

கீழே கூடத்தில் முதலாளி இரண்டு தாள்களையும் உரக்கப் படித்துவிட்டு மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கித் தட்டினார். மாப்பிள்ளை முகத்தில் ஈயாடவில்லை. என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப் போனார்.

"என்ன மாமா இப்படிப் பண்ணிட்டீங்க? கண்ணாடி முதலாளி ஐடியா. சுவர்தான் வேணும்னு நான் ஆறு மாசமா சண்டை போடுறேன். கடைசில ஒரே ஒரு ரூமுல கண்ணாடி வைப்போம், எங்க மாமா அத நல்லா இருக்குன்னு சொல்லிட்டா நாப்பது ரூமுக்கும் வச்சுத் தரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். உங்க வாய நம்பித்தான் மாமா அந்த ரூமுல போட்டேன்."

மகளுக்குக்கூடச் சொல்லவில்லையாம். சொன்னால் என் காதுக்கு வந்துவிடும், அப்புறம் நான் எழுதுவது நேர்மையாக இருக்காதாம். இனி நாற்பது அறையிலும் கண்ணாடி ஏறும், வருகிறவர்கள் ஒரே நாளில் ஓடுவார்கள், பழி இவர் தலையில் விடியும். யாரும் கேட்காமல் முப்பத்தொரு வருடம் நொட்டை சொன்னவன், ஒருவர் ஆசைப்பட்டுக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருக்கிறேன்.

நேராக முதலாளியிடம் போனேன். எழுதியது பொய், கண்ணாடி சரியில்லை, குழாய் சரியில்லை, தலையணை அதிகம் என்று அடுக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். கையெழுத்துப் போட்டாயிற்று, முடிந்தது என்றார். ஒரு பஸ்ஸைக்கூட இப்படி நான் தவறாக வெளியே அனுப்பியதில்லை. அழுகை வரும்போல் இருந்தது.

அப்போது சம்பந்தி என் பக்கத்தில் வந்து நின்றார். முதலாளியை மேலும் கீழும் அளவெடுப்பதுபோல் பார்த்தார்.

"ஐயாவுக்குச் சம்பந்தி இருக்காரா?"

"இருக்காரு. போன மாசம்தான் பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு. ஏன்?"

எனக்கு உடனே பிடிபட்டுவிட்டது. "இன்னிக்கு அவரக் கூட்டிட்டு வாங்க," என்றேன். "ரெண்டு பேரும் அந்த ரூமுல ஒரு நாள் தங்குங்க."

முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. மாடிப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். என்னைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார். காது மடல் சிவந்துபோனது. பையிலிருந்த தாளை எடுத்து என் கையிலேயே திணித்துவிட்டு, செங்கல் சுவர் எழுப்ப எத்தனை நாள் ஆகும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டார்.

வாசலில் வண்டிக்கு நின்றோம். சம்பந்தி தெருவைப் பார்த்தபடியே சொன்னார். "அந்தக் கோட்ட ஒரு நாள் கடைக்குக் கொண்டாங்க. அக்குள்ல ஒரு இஞ்ச் விட்டுத் தரேன். தைக்கும்போதே எனக்குத் தெரியும்."

அந்த நேரம் பார்த்து என் மனைவியிடமிருந்து போன். சம்பந்திக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா, சம்பந்தியம்மா பக்கத்திலேயே இருக்கிறாள் என்றாள்.

"வேணாம்," என்றேன். "அவரு என் பக்கத்துலதான் இருக்காரு."