தார்ப்பாய்க்கு அந்தப் பக்கம்

சித்தப்பன் வெள்ளியங்கிரி சோற்றுக் குண்டாவைத் தூக்கிக்கொண்டு ஆட்டுப்பட்டிப் பக்கம் போவதைக் கண்டதும், கோகிலவாணி அப்பனின் தலைமாட்டிலிருந்து விருட்டென்று எழுந்தாள். ஒப்பாரி பாதியில் நின்றது.

விடிந்ததிலிருந்து செம்மறிக் குட்டிகள் கத்திக்கொண்டேயிருந்தன. நேற்றுப் பொழுதிறங்க அவற்றுக்குத் தீனி வைத்துவிட்டு வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர்தான் அப்பன் கந்தப்பன். பிணத்தை வைத்துக்கொண்டு ஆட்டுக்குத் தீனி வைக்கப் போனால் சேவூரே சிரிக்கும் என்று அம்மா ரங்காத்தாள் இவளைப் பிடித்து உட்கார வைத்திருந்தாள்.

"சித்தப்பா, குண்டாவக் கீழ வைங்க."

"மிஞ்சுன சோறுதான அம்மணி. கத்தற வாய அடைக்கலாம்னுதான்."

"இத்தன சோத்தத் தின்னா வவுறு உப்பிச் செத்துப் போயிருமுங்க. இன்னிக்கு இந்த ஊட்டுல ஒரு சாவு போதும்."

அவர் குண்டாவை வைத்துவிட்டார். படிச்ச திமிரு என்று யாரோ முணுமுணுத்தார்கள். அந்தக் குடும்பத்தில் முதன்முதலாக டிகிரி வாங்கியதிலிருந்து அவள் கேட்டுச் சலித்த வார்த்தை.

மழை பொய்த்துச் சோளம் கருகிப்போன வருஷம் அது. பருப்பு மில்லில் தோலாகக் கழியும் உளுந்தம்பொட்டையும் ஜவ்வரிசி ஆலையில் கிழங்கு பிழிந்த திப்பியையும் புண்ணாக்கோடு கலந்து வைத்தாலே குட்டி கொழுக்கும் என்றாள். விலங்கியல் படித்தவள். அருள்புரத்துக் கம்பெனியில் பனியன் எண்ணுகிறவளுக்கு ஆட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டார் அப்பன். சண்டை முற்றி, பட்டிக்கு நடுவே தார்ப்பாய் கட்டினார். இந்தப் பக்கக் குட்டிகளுக்கு அவள் சொன்ன தீனி. அந்தப் பக்கம் அவருடைய குட்டிகளுக்கு விலைக்கு வாங்கிய சோளம். அவள் எட்டியும் பார்க்கக்கூடாது.

"மில்லுக்காரன் கூட்டித் தள்ற குப்பையத் தின்னு குட்டி கறி வெக்குமா கண்ணு? ஞாயித்துக்கெழம நிறுத்துப் பாப்போம். எம்பட குட்டி தோத்துச்சுன்னா, நீ சொன்னதுதான் செரின்னு உன்ற சித்தப்பன் முன்னால நானே சொல்றேன்."

இன்று வெள்ளி. சொல்ல வேண்டியவர் வாய்க்கட்டோடு பெஞ்சில் கிடந்தார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை ஒருநாளும் வந்ததில்லை. அவளுக்கு அழுகை வரவில்லை. சொல்லாமலே தப்பித்துக்கொண்டாரே என்று ஆத்திரம்தான் வந்தது.

தன் பக்கத் தொட்டியை நிரப்பினாள். கத்தல் பாதி அடங்கியது. மீதிக்குச் சோளம் வைக்கலாமென்று தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு நுழைந்தாள்.

சோளச் சாக்கு ஒன்று காலியாக மடித்துக் கிடந்தது. அடுத்த மூட்டை தையல் பிரிக்காமல் மூலையில் நின்றது. அதன்மேல் சிலந்தி வலை பின்னியிருந்தது.

தொட்டிக்குள் குனிந்தாள். ஓரமெல்லாம் கறுப்பாக ஒட்டியிருந்தது. விரலால் வழித்துப் பார்த்தாள். உளுந்தம்பொட்டு. முகர்ந்தால் திப்பியின் புளிப்பு வாடை.

குட்டிகள் அவள் முழங்காலை முட்டின. அவள் தன் பக்கத்து மூட்டையை இழுத்து வந்து இரண்டு கையாலும் அள்ளி அள்ளிப் போட்டாள்.

வாசலில் மேளம் உரத்தது. வாய்க்கரிசி போட வரச்சொல்லி அம்மா கூப்பிட்டாள். அவள் கையைப் பார்த்துவிட்டு, கழுவிட்டு வா கண்ணு என்றாள்.

கோகிலவாணி கழுவவில்லை. அந்தக் கையாலேயே அரிசியை அள்ளிப் போட்டாள். வெள்ளை அரிசியோடு கறுப்பாக இரண்டு பொட்டும் அவர் உதட்டில் ஒட்டிக்கொண்டன.